தவ்வாளி நான்காம் பாகம்

ஆடு விற்கப் போகிறவர் ஆட்டைக் கையில் பிடித்துக்கொண்டு போவதுதான் ஊர் வழக்கம். சாமுவேல் ஒரு பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். ஆடு அதற்குள் இருந்தது.

சரவணம்பட்டியில் மேட்டுக்காட்டார் குழுமத்துக்குக் கண்ணாடி போர்த்திய கட்டடம் ஒன்று உண்டு. கீழே மோட்டார் பம்பு, அதற்கு மேலே நூல்மில், அதற்கும் மேலே கல்லூரிச் சேர்க்கை, கல்யாண மண்டபம், ஸ்கேன் சென்டர். உச்சிமாடியில் புதிதாக ஒரு பலகை: 'தொன்மை விளையாட்டு மீட்டெழுப்புத் துறை'. இத்தனை தொழிலுக்கும் சேர்த்து ஒரே விதிதான். அதை எங்கும் எழுதி மாட்டவில்லை. எதிரில் இருப்பவர் ஓர் எண்ணைச் சொன்னால், அதைக் குறைக்காமல் விடுவது தொழிலுக்குச் செய்யும் துரோகம். ஸ்கேன் சென்டர் டாக்டர் ஒருமுறை முதலாளி வீட்டுப் பெரியம்மணிக்கு ரத்த அழுத்தம் நூற்றெழுபது என்று சொல்ல, கொள்முதல் மேலாளர் பொங்கியண்ணன் அதை நூற்று நாற்பதுக்குப் பேசி முடித்துவிட்டு வந்தார் என்று கட்டடத்தில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். பெரியம்மணி அதற்குப் பிறகு ரொம்ப நாள் இல்லை. அதனால் பேரத்தின் பெருமை குறைந்துவிடாது.

பொங்கியண்ணனின் முன்னோர் அந்தியூர் மாட்டுத் தாவணியில் தரகர்கள். அங்கே விலையை வாயால் பேசுவதில்லை. துண்டைப் போர்த்தி, அதற்கடியில் கையோடு கை கோத்து, விரலை அமுக்கி அமுக்கிப் பேசுவார்கள். பொங்கியண்ணன் கோட்டு போட்டிருந்தார். கோட்டுக்கு மேலே தோளில் துண்டும் போட்டிருந்தார்.

"கையைக் குடுங்க சாமுவேலு" என்றார்.

சாமுவேல் கைகுலுக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்துக் கொடுத்தார். துண்டு வந்து மூடியது. உள்ளே யாரோ தன் நடுவிரலை ஒடிப்பதுபோல இருந்தது.

"படிஞ்சுருச்சுங்க" என்றார் பொங்கியண்ணன், முதலாளியைப் பார்த்து.

முதலாளி அங்கப்பன் அதுவரை சாமுவேலின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பணிவிலே அவரை மிஞ்ச ஆளில்லை. லிஃப்டைக்கூட 'வாங்க' என்றுதான் கூப்பிடுவார். "ஏனுங்க, நீங்க நம்ம தோட்டத்துல கெணறு வெட்டுன மாசாணத்துப் பையனல்லங்க? எங்கயோ பாத்தாட்டவே இருக்குதேன்னு ரோசனை பண்ணிட்டிருந்தேன். அப்பறமென்னுங்க, நம்ம ஆளு. நம்ம ஆளுகிட்ட வெலை பேசறதா?"

விலை அதற்குள் பேசி முடிந்திருந்தது. படிந்த தொகையை அடிமாட்டு விலை என்று சொன்னால் அடிமாடுகள் வருத்தப்படும். ஆனால் சாமுவேல் தொகைக்காக வரவில்லை.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். நாட்டில் செல்போன் கனமாக இருந்த காலத்தில், காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து சாமுவேல் தனியாகச் செய்த கேம் 'தவ்வாளி'. ஒரு செவலை வெள்ளாட்டுக் குட்டி. சத்தியமங்கலத்துப் பக்கம் கோயில் நோம்பிக்கு வெட்டக் கட்டி வைத்திருந்த இடத்தில், கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. அறுந்த கயிறு கழுத்தில் தொங்க, திரையில் இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே இருக்கும். குழி வந்தால் தவ்வும், சுவர் வந்தால் தவ்வும், நாய் வந்தால் அதன் தலைமேல் ஏறித் தவ்வும். விழுந்தால் 'மே' என்று ஒரு சத்தம். பக்கத்து அறையில் டைப்பிங் படிக்க வந்த அன்புச்செல்வியிடம் கெஞ்சிக் கூத்தாடிப் பதிவு செய்தது. பிறகு அந்தக் குரலையே கல்யாணம் செய்துகொண்டார். மூன்று பாகம் வந்தது. சத்தியிலிருந்து பொள்ளாச்சி வரை எந்த பிரௌசிங் சென்டரில் நுழைந்தாலும் அந்தக் குட்டி தவ்விக்கொண்டிருக்கும். காசு கொடுத்து வாங்கியவர் யாருமில்லை. ஆடாதவரும் யாருமில்லை.

மூன்றாம் பாகத்தின் முடிவில் குட்டி பவானி ஆற்றங்கரைக்கு வந்து நிற்கும். எதிர்க்கரையில் தாயாடு. திரையில் 'மீதி நாலாவது பாகத்தில்' என்று எழுத்து வரும். அதோடு சென்டரை மூடிவிட்டார்கள். சாமுவேல் ஃபிளெக்ஸ் போர்டு டிசைன் செய்யப் போய்விட்டார். அன்று கரையில் நின்ற குட்டி இன்றுவரை அங்கேயே நிற்கிறது. வழுக்கை விழுந்தவர்களெல்லாம் ஃபிளெக்ஸ் கடைக்கு வந்து, காதுகுத்து போர்டுக்கு அளவு சொல்லிவிட்டு, போகிறபோது கேட்பார்கள்: "அண்ணா, அந்தக் குட்டி அக்கட்ட போச்சுங்களா?"

இல்லை என்று சொல்லிச் சொல்லி சாமுவேலுக்கு அலுத்துவிட்டது. குட்டி ஆற்றைத் தாண்ட வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. அதற்காகத்தான் குட்டியையும், தாயையும், நாய்களையும், சத்தத்தையும், இனி வரப்போகும் எல்லாப் பாகத்தையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கையெழுத்து முடிந்ததும் பொங்கியண்ணன் ஒரு சங்கதி சொன்னார். "கயிறு மட்டும் உங்களுக்குங்க. மாட்டை வித்தாலும் கயித்தை விக்கறதில்ல. அது மொறை. நாங்க மொறை தப்ப மாட்டோம்."

சொன்னபடியே, குட்டியின் கழுத்திலிருந்து கயிற்றை மட்டும் அழித்து எடுத்து, அந்தப் படத்தை வேறொரு பென்டிரைவில் போட்டு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தார்கள்.

துறைக்குத் தலைவி அங்கப்பனின் மகள் சண்முகப்பிரியா. வெளிநாட்டில் படித்தவர். முதல் நாள் கூட்டத்தில் அரைமணி நேரம் பேசினார். "நாம ஒரு கேமை மறுபடியும் பண்ணலைங்க. ஒரு தலைமுறையோட துள்ளலை மீட்டெடுக்கறோம். அந்தத் துள்ளலுக்கு ஒரு கட்டமைப்பு வேணும், ஒப்புதல் முறை வேணும், பொறுப்பு வேணும். பொறுப்பில்லாத துள்ளல் ஆபத்துங்க." சாமுவேலுக்கு 'பாரம்பரிய ஆலோசகர்' என்று பதவி கிடைத்தது. மேசை கிடைத்தது. நாற்காலி நூல்மில் மாடியிலிருந்து வர வேண்டும், ஒப்புதலில் இருக்கிறது என்றார்கள்.

நிஜமான வேலையைச் செய்தது யுஸ்ரா என்ற பெண் ஒருத்திதான். உக்கடத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். சின்ன வயசில் அண்ணன்மாரோடு சண்டை போட்டு தவ்வாளி ஆடியவள். பழைய புரோகிராமை எடுத்துப் புது மெஷினில் ஓடவைத்து, குட்டிக்குப் புதுசாக மயிர் சிலிர்க்க வைத்து, பவானி ஆற்றையும் ஒரு மழைக்காலத்துக்குள் கட்டி முடித்துவிட்டாள். நடு ஆற்றில் இரண்டு பாறை. கரையிலிருந்து பாறைக்கு, பாறையிலிருந்து பாறைக்கு, அங்கிருந்து தாயிடம்.

"ஆறு கட்டம் தவ்வுனா அக்கட்ட போயிரும் சார். பாக்கறீங்களா?"

"வேண்டாம்" என்றார் சாமுவேல். "ஒப்புதல் வந்து, எல்லாரும் பாக்கறப்பப் பாக்கறேன்."

அவர் வாழ்க்கையில் செய்த பெரிய தவறுகளில் இதுவும் ஒன்று. ஒப்புதலுக்கு எல்லா எண்களும் கொள்முதல் குழுவுக்குப் போக வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது.

பொங்கியண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் எண்ணைப் பார்த்தார். "ஆட்டுக்கு மூணு உசுருங்களா? எங்கய்யனுக்கே ஒண்ணுதானுங்களே." ஓர் உயிராகக் குறைந்தது. எதிர்ப்பு வரவில்லை. நாய்கள் பாதியாயின. எதிர்ப்பு வரவில்லை. பிறகு அவர் விரல் ஓரிடத்தில் நின்றது.

"தவ்வல், ஆறு கட்டம். இதென்னுங்க, எச்சா இருக்குது?"

"குழி அஞ்சு கட்டம் அகலமுங்க" என்றார் சாமுவேல். "ஆறு தவ்வுனாத்தான் தாண்டும்."

"அது நீங்க சொல்ற வெலை."

"வெலை இல்லீங்க. அளவு."

பொங்கியண்ணன் பரிவோடு பார்த்தார். விற்கிறவர் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். தோளிலிருந்து துண்டை எடுத்தார். சாமுவேல் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பரவாயில்லை என்று பொங்கியண்ணன் தன் வலக்கையையும் இடக்கையையும் துண்டுக்குள் விட்டு, இரண்டு தரப்பையும் தானே பேசி, கொஞ்சம் வேர்த்து, நடுவில் ஒருமுறை கோபித்துக்கொண்டு எழுந்து மறுபடி உட்கார்ந்து, நாலு கட்டத்துக்கு முடித்துவிட்டு வெளியே எடுத்தார்.

"அப்பக் குழியையும் கொறச்சுருங்க" என்றார் சாமுவேல், கெட்டிக்காரத்தனமாக.

"குழி நம்ம சொத்துங்க" என்றார் பொங்கியண்ணன். "செலவைக் கொறைக்கலாம். சொத்தைக் கொறச்சுக் காட்டறதா? ஊரு சிரிக்காதுங்களா?" கட்டுமானப் பிரிவிலிருந்து ஒருவரை வரவழைத்து, குழியை ஐந்தரைக் கட்டமாக விரிவாக்க உடனே ஒப்புதல் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் யுஸ்ரா ஓட்டிக் காட்டினாள். குட்டி துள்ளி ஓடிவந்தது. முதல் குழி. தவ்வியது. குழியின் நடுவில் காற்றில் ஒரு கணம் நின்றது. 'மே'. ஓர் உயிர்தானே, கேம் முடிந்தது.

வீட்டில் அன்புச்செல்வி தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். அவள் டவுன்ஹால் ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். பேரம் என்பது அவளுக்குக் காற்று மாதிரி.

"ஏனுங்க, உங்களுக்குக் கொஞ்சமாச்சும் இருக்குதா? ஆறு வேணும்னா ஆராச்சும் ஆறுன்னே கேப்பாங்களா? ஒம்பது சொல்லோணும். அவுங்க கொறச்சு ஆறுக்கு வருவாங்க. ஒரு சேலை எடுக்கத் தெரிஞ்சவளுக்குத் தெரியற சங்கதி இது."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய் இல்லீங்க. மரியாதை. கொறைக்கறதுக்கு எடம் உடறது மரியாதைங்க."

சாமுவேல் மறுபடி விண்ணப்பித்தார். தவ்வல், ஒன்பது கட்டம். குழு கூடியது. இந்தமுறை அங்கப்பனே வந்து உட்கார்ந்தார். பொங்கியண்ணன் துண்டை எடுக்கப் போனபோது அங்கப்பன் கையமர்த்தினார்.

"வேண்டாம் பொங்கியண்ணா. போன தடவை அவரு மனசு நொந்துபோட்டாருன்னு கேள்விப்பட்டேன். நம்ம மாசாணத்துப் பையன். அவங்கப்பாரு ஒரு நாளும் எச்சாக் கேட்டவரில்லை. இவரும் கேக்க மாட்டாரு. கேட்டதைக் கேட்டபடி குடுத்துருங்க." குழுமத்தின் வரலாற்றில் குறைக்காமல் ஏற்கப்பட்ட முதல் எண் அதுதான். எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். சாமுவேல் கண்கலங்கி உட்கார்ந்திருந்தார். அதை நன்றி என்று எடுத்துக்கொண்டார்கள்.

குட்டி எத்தனை கட்டம் தவ்வுகிறதோ அத்தனை கட்டம் உயரமும் எழும்பும். திரையின் உயரம் எட்டுக் கட்டம்.

பெரிய அறையில் எல்லோர் முன்னாலும் ஓட்டினார்கள். குட்டி ஓடிவந்தது. குழி வந்தது. தவ்வியது. திரையின் மேல்விளிம்பைத் தாண்டிப் போனது. எல்லோரும் காத்திருந்தார்கள். குழி இருந்தது, வானம் இருந்தது, ஒரு நாய் வந்து நின்றது. குட்டி வரவில்லை.

"எங்கீங்க போச்சு?" என்றார் அங்கப்பன்.

"மேலே போனதைத் திருப்பிக் கூட்டிட்டு வர்றதுக்குப் புரோகிராம் இல்லைங்க சார்" என்றாள் யுஸ்ரா. "எந்த ஆடும் அவ்வளவு ஒசரம் போகாதுன்னு விட்டுட்டோம்."

மறுநாள் தணிக்கைப் பிரிவு வந்தது. இருப்பில் ஓர் ஆடு குறைகிறது என்று குறிப்பு எழுதினார்கள். கட்டடத்தைவிட்டு ஆடு ஏதாவது வெளியே போனதா என்று கேட் வாட்ச்மேனை விசாரித்தார்கள். வாட்ச்மேன், நடந்து போனதைப் பார்க்கவில்லை, பறந்து போயிருந்தால் தன் பொறுப்பில் வராது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சாமுவேலிடமும் விளக்கம் கேட்டார்கள். அவர் உண்மையைச் சொன்னார்: ஆறுதான் வேண்டும், குறைப்பீர்கள் என்று ஒன்பது கேட்டேன்.

இதைக் கேட்டு அங்கப்பனுக்கு வந்தது கோபமில்லை, துக்கம். "நம்ம ஆளுன்னு நம்பினேனுங்க" என்றார். "நாங்க பேரம் பேசுவோமுங்க. பொய் பேச மாட்டோம்." பிறகு பொங்கியண்ணனிடம் திரும்பினார். "மொதல்ல என்ன படிஞ்சுது?"

"நாலுங்க."

"படிஞ்சது படிஞ்சதுதான். வாக்கு மாறக் கூடாது."

நாலு கட்டம் பூட்டப்பட்டது. பூட்டு என்றால் மெய்யாகவே பூட்டு. ஒப்புதலான எண்களை யாரும் மாற்ற முடியாதபடி ஓர் ஏற்பாடு. அதன் கடவுச்சொல் பொங்கியண்ணனுக்கு மட்டும் தெரியும்.

"குழியிலயாச்சும் நடுவுல ஒரு கல்லை வச்சுடறேன் சார். யாருக்கும் தெரியாது" என்றாள் யுஸ்ரா, தணிந்த குரலில். சாமுவேலின் முகம் மலர்ந்தது. ஆனால் குழியைத் திறந்து பார்த்தபோது, அது ஏற்கெனவே பம்புப் பிரிவுக்கு வாடகைக்குப் போயிருந்தது. உள்ளே சுற்றிலும் விளம்பரம்: 'எத்தனை ஆழமானாலும் மேட்டுக்காட்டார் பம்பு.' கல் வைத்தால் எழுத்து மறையும். அடுத்த வாரம் யுஸ்ராவைக் கல்லூரிச் சேர்க்கை மாடிக்கு மாற்றிவிட்டார்கள். லிஃப்ட் கதவு மூடும்போது அவள் சொன்னாள்: "பவானி ஆறு உள்ளதான் இருக்கு சார். நான் அழிக்கலை. முதல் குழியைத் தாண்டுனா ஆறு இருக்கு."

வெளியீட்டு விழா குழுமத்தின் கல்யாண மண்டபத்தில் நடந்தது. அன்று முகூர்த்தம் இல்லாததால் மண்டபம் காலியாக இருந்தது. வாசலில் வாழைமரம், பன்னீர், கல்கண்டு. மணமக்கள் உட்காரும் மேடையில் பெரிய திரை. சுற்றுவட்டாரத்திலிருந்து நரைத்த தலைகள் நிறைய வந்திருந்தன. சிலர் பிள்ளைகளைக் கூட்டிவந்திருந்தார்கள். பிள்ளைகள் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அப்பன்மார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் ஆட்டம் அங்கப்பன் ஆடினார். குட்டி விழுந்தது. இரண்டாவது பொங்கியண்ணன். விழுந்தது. பொள்ளாச்சியிலிருந்து வந்த ஒருவர், பழைய கைப்பழக்கம், ஓரத்தில் வந்து கடைசி மயிரிழையில் அமுக்கினார். அதுவும் விழுந்தது. மண்டபம் முழுக்க அன்புச்செல்வியின் குரல் 'மே', 'மே' என்று எதிரொலித்தது. அவள் நாலாவது வரிசையில் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கூட்டம் சலசலக்கத் தொடங்கியதும் சண்முகப்பிரியா மைக்கைப் பிடித்தார். "ஒரு மகிழ்ச்சியான செய்திங்க. சோதனைக்கு ஆடுனவங்கள்ல ஒருத்தர்கூட முதல் லெவலை விட்டு வெளியே போகலை. ஒருத்தர்கூட. வாடிக்கையாளரை இந்த அளவுக்குத் தக்கவைக்கற கம்பெனி உலகத்துலயே கெடையாதுங்க."

கை தட்டினார்கள். கல்கண்டு வேறு கொடுத்திருந்தார்களே.

பிறகு அங்கப்பன் பேசினார். "குட்டி ஏனுங்க தாண்டலைன்னு கேக்கறாங்க. நான் ஒண்ணு கேக்கறேன். தாண்டி எங்கீங்க போகோணும்? எங்கய்யன் தவ்வுனவரில்லீங்க. நின்ன எடத்துல நின்னாரு. நின்ன எடத்துல குழி வெட்டச் சொன்னாரு. மாசாணம் வெட்டுனாரு. தண்ணி வந்துது. அந்தத் தண்ணியிலதானுங்க இந்த மண்டபம், இந்த காலேஜ், இந்தக் கண்ணாடிக் கட்டடம் எல்லாம். குழிக்குள்ள எறங்கறதுக்கு ஆளு வேணுமுங்க. எல்லாருமே தவ்விப் போயிட்டா, யாரு எறங்கறது?" சொல்லிவிட்டு, மேடைக்குக் கீழே நின்ற சாமுவேலைப் பார்த்து அன்போடு சிரித்தார். "சாமுவேலுக்குத் தெரியுமுங்க."

சாமுவேலுக்கு சால்வை போர்த்தினார்கள். பேச ஐந்து நிமிடம் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தது. பொங்கியண்ணன் அதை மேடைப் படியிலேயே ஒரு நிமிடமாகக் குறைத்திருந்தார். மைக் வந்தபோது தேசிய கீதத்துக்கு எழச் சொல்லிவிட்டார்கள்.

வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பொள்ளாச்சிக்காரர் வந்தார். கேட்க வந்தவர்தான். சாமுவேலின் முகத்தைப் பார்த்தார். கேட்கவில்லை. "வாரனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் போன முதல் ஆள்.

விளையாட்டு ஓடவில்லை. ஆனால் பம்பு ஓடியது. இப்போது பவானியிலிருந்து பல்லடம் வரை எந்தத் தோட்டத்து மோட்டார் ரூமிலும் அந்தப் பம்பின் ஸ்டிக்கரைப் பார்க்கலாம்: குழி விளிம்பில் கயிறில்லாத செவலைக் குட்டி, உள்ளே எட்டிப் பார்த்தபடி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்து, சாமுவேல் வீட்டுக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டில் கறி வேகும் வாசனை. ஒப்பந்தத்தை இன்னொருமுறை படித்தார். குட்டி அவர்களுடையது. தாய் அவர்களுடையது. நாய், குழி, 'மே' எல்லாம் அவர்களுடையது. ஆறு பொது. யாரும் ஆற்றுக்குக் கையெழுத்து வாங்கவில்லை. கயிறு அவருடையது.

பென்டிரைவைச் செருகினார். மத்தியானத்துக்குள் ஒரு கரை, இரண்டு பாறை, இன்னொரு கரை வரைந்தார். கயிற்றைக் கொண்டுவந்து இக்கரையில் வைத்தார். தவ்வல் என்ற இடத்தில் ஆறு கட்டம் என்று போட்டார். கேட்டுக் குறைக்க யாருமில்லை.

அன்புச்செல்வி கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றாள்.

கயிறு தவ்வியது. கழுத்தைச் சுற்றியிருந்தபடியே வளைந்து, உள்ளே ஒன்றுமில்லாமல், முதல் பாறைக்குப் போனது. இரண்டாவது பாறைக்குப் போனது. ஒருமுறைகூடத் தவறவில்லை. அக்கரையில் போய் விழுந்து, சுருண்டு கிடந்தது.

"போயிருச்சுங்களே" என்றாள்.

"ம்."

அவள் திரையின் வலது ஓரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மணல்தான் இருந்தது. "அக்கட்ட ஆரும் இல்லீங்களா?"

"தாயாடு அவுங்ககிட்ட இருக்குது."

அன்புச்செல்வி 'மே' என்று குரல் கொடுக்கப் போகிறவளாக வாயைத் திறந்தாள். பிறகு அதுவும் விற்றுப்போனது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டாள்.